டார்க் ரீடரில் சாயல் சரிசெய்தல்: செபியா ஏற்றினால் எழுத்து மட்டும் மஞ்சளாகிறது, பேக்ரவுண்ட் அசைவதில்லை

திரைக்கண்
ஃபயர்ஃபாக்ஸ், வலைப்பக்கங்களை இருட்டாக்குற டார்க் ரீடர் எக்ஸ்டென்ஷன், டைனமிக் மோட். பிரைட்னஸ் 100, கான்ட்ராஸ்ட் 100, கிரேஸ்கேல் 0. பேக்ரவுண்டில் இருக்கும் அந்த லேசான நீலச் சாம்பல் போய், காப்பித்தூள் மாதிரி ஒரு வெதுவெதுப்பு வரணும். பழுப்பு மஞ்சள் சாயல் ஏத்துற செபியா ஸ்லைடரை 10, 20, 50 என்று ஏற்றிப் பார்த்தாச்சு. எழுத்து பழைய நோட்டுப்புத்தகத் தாள் நிறத்துக்குப் போகுது, பேக்ரவுண்ட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. படங்களும் மாறல. ஸ்லைடரில் கோளாறா, இல்ல வேற எங்கயாவது மாத்தணுமா?

நிறமானி
கோளாறு இல்லை. செபியா என்பது பெருக்கல் கணக்கு. ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டுகிறது. பெருக்கப்படும் எண் சிறியதாக இருந்தால் விளைவும் சிறியதாகத்தான் இருக்கும்.

டார்க் ரீடரின் இயல்பு பேக்ரவுண்ட் 24, 26, 27 (சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில், 0 முதல் 255 வரை). இயல்பு எழுத்து 232, 230, 227. செபியா 50 வைத்தால்:

பேக்ரவுண்ட் ஏறத்தாழ 29, 28, 25 ஆகும். எழுத்து ஏறத்தாழ 255, 253, 221 ஆகும்.

பேக்ரவுண்டில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 4 மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. எழுத்தில் அந்த இடைவெளி 34. நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. செபியாவின் சிவப்பு வரிசையில் உள்ள பெருக்கெண்களைக் கூட்டினால் 1.351, பச்சை வரிசை 1.203, நீலம் 0.937. அதாவது இது நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஒளியையும் ஏற்றுகிறது. செபியாவை 20-க்கு மேல் கொண்டுபோனால் பிரைட்னஸை 90 பக்கம் இறக்கியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு 255-இல் முட்டி நின்றுவிடும், வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் வித்தியாசம் போய்விடும்.

செபியா எழுத்துக்கான கருவி. பேக்ரவுண்டுக்கு அதை நம்பாதீர்கள்.

அந்திவண்ணன்
பேக்ரவுண்டுக்கு வேற இடம் இருக்கு திரைக்கண். எக்ஸ்டென்ஷன் ஐகானைச் சொடுக்கி, ஸ்லைடர்களுக்குக் கீழ எல்லா விருப்பங்களையும் காட்டச் சொல்லுங்க. அதுல கலர்ஸ் பகுதி வரும். பேக்ரவுண்ட், டெக்ஸ்ட், ஸ்க்ரோல்பார், செலக்‌ஷன் நாலுக்கும் தனித்தனிப் பெட்டி. பேக்ரவுண்ட் பெட்டியில 30, 22, 14 போட்டுப் பாருங்க, நல்ல காப்பி நிறம். செபியாவைத் திரும்ப 0-க்குக் கொண்டுவந்துட்டு இதைச் செய்யுங்க. நீங்க குடுக்குற நிறமும் ஸ்லைடர்கள் வழியாகத்தான் போய் வரும். செபியா ஏறியே இருந்தா குடுத்த நிறம் ஒண்ணு, திரையில வர்றது வேற ஒண்ணு.

நிறமானி
இடம் சரி, 30, 22, 14 சரியில்லை அந்திவண்ணன். தனியாகப் பார்த்தால் அழகான நிறம். நாலைந்து பெட்டிகளும் கோடுகளும் உள்ள பக்கத்தில் வைத்தால் சேறாகிவிடும். காரணம் இது:

டைனமிக் மோட் நீங்கள் கொடுத்த நிறத்தைப் பக்கம் முழுக்கப் பெயின்ட் போல அடிப்பதில்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் எடுத்து, அது சாம்பல் வகையா, உண்மையான நிறமா என்று பார்க்கிறது. செறிவு (நிறத்தின் அழுத்தம்) குறைந்த சாம்பல் வகை என்றால், அதன் வெளிச்ச அளவைத் தக்கபடி குறைத்துக்கொண்டு, நிறக்கோணத்தையும் (நிறச்சக்கரத்தில் அதன் இடம்) செறிவையும் உங்கள் பேக்ரவுண்டிலிருந்து கடன் வாங்குகிறது. மிக வெளிர்நீலத்தையும் சாம்பல் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும்.

30, 22, 14-இன் செறிவு என்ன? பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 16, கூட்டல் 44. பதினாறை நாற்பத்து நான்கால் வகுத்தால் 36 சதவீதம். இருட்டில் 36 சதவீதம் அடக்கமாகத் தெரியும். அதே 36 சதவீதத்தை 40 சதவீத வெளிச்சமுள்ள ஒரு சாம்பல் பெட்டிக்குக் கொடுங்கள்: 139, 102, 65. நல்ல செங்கல் பழுப்பு. தலைப்புப் பட்டை, பொத்தான், அட்டவணைக் கோடு எல்லாம் இப்படி ஆகும்.

இயல்பு நிறத்தின் செறிவு 6 சதவீதம்தான். வெதுவெதுப்பு வேண்டுமென்றால் 10-ஐத் தாண்ட வேண்டாம். 28, 26, 23 வைத்துப் பாருங்கள். வெளிச்சம் இயல்பைப் போலவே 10 சதவீதம், செறிவு 9.8, கோணம் 36 டிகிரி. அதே 40 சதவீதப் பெட்டி இப்போது 112, 104, 92 ஆகும். வெதுவெதுப்பாகவும் இருக்கும், சாம்பல் என்றும் சொல்லலாம்.

நிறப்பெட்டியில் குத்துமதிப்பாகச் சுட்டியை இழுத்து எடுப்பவர்கள் எல்லோருக்கும் நடப்பது இது. இருண்ட மூலையில் கையை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் செறிவு இருபது சதவீதம் தாவிவிடும். எண்ணாகவே தட்டச்சிடுங்கள்.

அந்திவண்ணன்
ஒத்துக்கிறேன். எழுத்து மட்டும் உள்ள கட்டுரைப் பக்கங்கள்ல வச்சுப் பார்த்ததால அது தெரியல.

திரைக்கண்
28, 26, 23 போட்டாச்சு, இதுதான் கேட்டது. எழுத்துக்கு என்ன வைக்கலாம்? அப்புறம் இன்னும் மூணு சிக்கல். ஒன்று, சில தளங்களில் இந்த நிறம் வரவே இல்லை, பழைய கறுப்பே இருக்கு. இரண்டு, கணிதக் கட்டுரைகளில் சூத்திரங்கள் மறைஞ்சுபோச்சு. மூன்று, ஆன்லைனில் திறக்கும் விரிதாளில் கட்டங்கள் வெள்ளையாவே இருக்கு.

பிழைநீக்கி
வரிசையாச் சொல்றேன்.

நிறம் வராத தளங்கள்: பெரும்பாலும் அந்தத் தளத்துக்கே சொந்த டார்க் தீம் இருக்கும். டார்க் ரீடர்ல டார்க் தீமைக் கண்டறியும் ஒரு அமைப்பு இருக்கு. அது ஆன்ல இருந்தா, ஏற்கெனவே இருட்டா இருக்குற தளத்துல எக்ஸ்டென்ஷன் ஒதுங்கிக்கும். நீங்க பார்க்குறது தளத்தோட கறுப்பு. ரெண்டு வழி: அந்த அமைப்பை அணைக்கலாம், அல்லது தளத்தோட தீமை லைட்டுக்கு மாத்திட்டு டார்க் ரீடர்கிட்ட வேலையைக் குடுக்கலாம். ரெண்டாவதுதான் என் சிபாரிசு. இருட்டின் மேல இருட்டைப் போட்டா பெட்டிகளுக்கு இடையே இருக்குற நுணுக்கமான வெளிச்ச வித்தியாசங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். விக்கிப்பீடியாவுல 2024-ல இருந்து சொந்த டார்க் மோட் இருக்கு, அங்கயும் இதே கதைதான்.

சில பக்கங்கள்ல எந்த எக்ஸ்டென்ஷனும் நுழைய முடியாது. ப்ரவுசரோட சொந்த செட்டிங்ஸ் பக்கங்கள், குரோம் வெப் ஸ்டோர், மொசில்லாவோட ஆட்-ஆன் தளம். அங்க தேடி நேரத்தை வீணாக்காதீங்க. தளத்தை உருவாக்கினவரே டார்க் ரீடரைப் பூட்டி வைக்கிற ஒரு மெட்டா குறியும் உண்டு. அது இருந்தாலும் ஒதுங்கிடும்.

குரோம் பக்கம் இருக்குறவங்க இன்னொண்ணையும் பாருங்க. ஃபிளாக்ஸ் பக்கத்துல எல்லா வலைப்பக்கத்தையும் கட்டாயமா இருட்டாக்குற சோதனை வசதி ஆன்ல இருந்தா, அதுவும் எக்ஸ்டென்ஷனும் ஒரே பக்கத்துக்கு அடிச்சுக்கும். ஒண்ணை அணைங்க.

சூத்திரம்: பின்னணி ஒளி ஊடுருவுற படத்துல கறுப்பு மையில வரைஞ்சது. பேக்ரவுண்ட் இருட்டானதும் கறுப்பு மேல கறுப்பு. செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் டெவ் டூல்ஸைத் திறங்க. டைனமிக் தீம் எடிட்டர்ல ஒரு புது பத்தி எழுதணும். முதல் வரி தளத்தோட டொமைன். ஒரு காலி வரி. அடுத்து இன்வர்ட் என்ற சொல், ஆங்கிலப் பெரிய எழுத்துல. அதுக்குக் கீழ அந்தப் படத்துக்கான சிஎஸ்எஸ் செலக்டர் (பக்கத்துல எந்த உறுப்புன்னு சுட்டுற குறிப்பு), வரிக்கு ஒண்ணு. மத்த தளங்களோட பத்தியிலிருந்து பிரிக்க ஒரு முழு வரி சமக்குறி. அப்ளை குடுங்க. செலக்டரைக் கண்டுபிடிக்க சூத்திரத்தின் மேல வலது சொடுக்கு, இன்ஸ்பெக்ட், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: எல்லாப் படத்தையும் குறிக்கிற பொதுவான செலக்டரை எழுதிடாதீங்க. எல்லாப் புகைப்படமும் நெகட்டிவ் ஆயிடும்.

விரிதாள்: அந்தக் கட்டங்கள் சாதாரண எச்டிஎம்எல் இல்ல, கேன்வாஸ்ல வரையப்பட்ட படம். டைனமிக் மோட் ஸ்டைல் விதிகளைத்தான் படிச்சு மாத்தும், கேன்வாஸுக்குள்ள வரைஞ்ச புள்ளிகளைத் தொடாது. அந்தத் தளத்துக்கு மட்டும், முழுப் பக்கத்தையும் ஒரே வடிகட்டி வழியா மாத்துற ஃபில்டர் மோடுக்கு மாத்துங்க. எல்லா விருப்பங்கள் பகுதியில, இந்தத் தளத்துக்கு மட்டும் என்பதை முதல்ல தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் மோடை மாத்தணும். வரிசை மாறினா எல்லாத் தளமும் ஃபில்டருக்குப் போயிடும்.

கோணல்வட்டம்
ஃபில்டர் மோடுக்குப் போகச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதில் நிறங்கள் திரும்பி வராது. அதன் அடிப்படை இரண்டு படிகள்: நிறத்தைத் தலைகீழாக்கு, பிறகு நிறக்கோணத்தை 180 டிகிரி சுழற்று. சுழற்றினால் பழைய நிறமே வந்துவிடும் என்று நினைப்போம். சிஎஸ்எஸ்-இன் ஹியூ ரொட்டேட் உண்மையான சுழற்சி இல்லை. ஒளிர்வைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட ஒரு நேர்கோட்டுத் தோராயம். வெறும் சிஎஸ்எஸ்-இல் இரண்டையும் 100 சதவீதம், 180 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால்:

சுத்தச் சிவப்பு 255, 0, 0 வெளியே வரும்போது 255, 146, 146. ரோஜாப்பூ.
சுத்தப் பச்சை 0, 255, 0 வரும்போது 0, 145, 0. இது பரவாயில்லை.
சுத்த நீலம் 0, 0, 255 வரும்போது 218, 218, 255. கிட்டத்தட்ட வெள்ளை.
சுத்த மஞ்சள் 255, 255, 0 வரும்போது 37, 37, 0. கிட்டத்தட்டக் கறுப்பு.

விரிதாளில் மஞ்சள் அடித்து வைத்த கட்டங்கள் ஃபில்டர் மோடில் காணாமல் போவதன் காரணம் அந்தக் கடைசி வரி. இணைப்புகளின் நீலம் சாதாரண எழுத்தோடு கலந்துபோவதன் காரணம் அதற்கு முந்தையது. செபியாவை எவ்வளவு ஏற்றினாலும் இது சரியாகாது, இன்னும் கலங்கும். ஃபில்டர் மோடில் சாயல் 10-ஐத் தாண்டினால் நிறக்குறிப்புள்ள எந்த அட்டவணையையும் நம்பிப் படிக்க முடியாது.

ஃபில்டர் ப்ளஸ் என்ற இன்னொரு மோட், அதே வேலையை எஸ்விஜி வடிகட்டியின் எண் அணி (மேட்ரிக்ஸ்) மூலம் செய்வது. நிறங்கள் கொஞ்சம் நேர்மையாக வரும், ஆனால் ஸ்க்ரோல் கனக்கும். ஓடும் வீடியோ உள்ள பக்கத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழுப் பக்கமும் வடிகட்டி வழியாகப் போகவேண்டியிருக்கிறது.

திரைக்கண்
விரிதாள் ஃபில்டரில் வந்துட்டது. மஞ்சள் கட்டம் போனது நிஜம்தான், அதுக்கு வேற நிறம் அடிச்சுக்கிறேன். படங்களுக்கு என்ன செய்யலாம்? பக்கம் வெதுவெதுப்பா இருக்கு, நடுவுல புகைப்படம் மட்டும் பளீர்னு வெட்டுது.

அந்திவண்ணன்
டைனமிக் மோடுல சாதாரணப் படங்களை ஸ்லைடர் தொடாது. ஃபில்டர் மோடுல தலைகீழாக்குறதை மட்டும் படத்துக்குத் திருப்பி எடுத்துடும். பிரைட்னஸ், செபியா ரெண்டும் படத்துக்கும் சேர்ந்தே விழும். அதான் வித்தியாசம்.

டைனமிக்லயே இருந்துக்கிட்டு படத்தை அடக்கணும்னா தளங்களுக்கு நாமே சிஎஸ்எஸ் விதி எழுத உதவுற ஸ்டைலஸ் எக்ஸ்டென்ஷன் போட்டு, படங்களுக்கு ஃபில்டர் பண்பா பிரைட்னஸ் 85 சதவீதம், செபியா 15 சதவீதம்னு ஒரே விதி எழுதுங்க. சுட்டியை மேல வச்சா ஃபில்டர் நீங்குற மாதிரி ஹோவர் விதி ஒண்ணு சேர்த்துடுங்க. துணிக்கடைத் தளத்துல புடவை நிறம் பார்க்கும்போது அது இல்லாம முடியாது.

மங்கல்விளக்கு
முழுப்பக்கத்துக்கும், படம் உட்பட, ஒரே சாயல் வேணும்னா எக்ஸ்டென்ஷன் ஸ்லைடரே தேவையில்ல. ஸ்டைலஸ்ல ஒரு மெல்லிய கண்ணாடி போடுறதுதான் நான் சொல்ற வழி. எச்டிஎம்எல் உறுப்புக்கு ஆஃப்டர் போலி உறுப்பு ஒண்ணு. உள்ளடக்கம் காலி மேற்கோள். பொசிஷன் ஃபிக்ஸ்ட், நாலு பக்கமும் 0. எல்லாத்துக்கும் மேல நிக்க இசட் இண்டெக்ஸ் 2147483647. பாயிண்டர் ஈவென்ட்ஸ் நன். மிக்ஸ் பிளெண்ட் மோட் மல்டிப்ளை. பேக்ரவுண்ட் 255, 236, 210. எல்லாம் எடிட்டர்ல ஆங்கிலத்துலதான் தட்டச்சிடணும், இங்க பேரை மட்டும் சொல்றேன்.

பாயிண்டர் ஈவென்ட்ஸ் வரியை விட்டுட்டா கண்ணாடி சொடுக்கையெல்லாம் தானே வாங்கிக்கும். பக்கம் தெரியும், எதையும் அழுத்த முடியாது. “தளம் உறைஞ்சுடுச்சு” என்று புகார் வந்தா முதல்ல இந்த வரி இருக்கான்னு பாருங்க.

முழுத்திரை வீடியோவுக்கு இது வராது. முழுத்திரைக்குப் போறதெல்லாம் எந்த இசட் இண்டெக்ஸுக்கும் மேல உள்ள தனி அடுக்குக்குப் போயிடும்.

நிறமானி
மல்டிப்ளையும் பெருக்கல்தான், ஆகவே முதல் பதிவில் சொன்ன அதே கதை. எழுத்து 232, 230, 227 என்பது 232, 213, 187 ஆகும். பேக்ரவுண்ட் 24, 26, 27 என்பது 24, 24, 22 ஆகும். சாயல் முழுக்க வெளிச்சமான இடத்தில்தான் விழுகிறது. படங்களுக்கும் எழுத்துக்கும் இது பொருத்தம்.

இருண்ட இடத்துக்கு எதிர்மாறான கலவை வேண்டும். அதே கண்ணாடியில் பிளெண்ட் மோடை ஸ்க்ரீன் என்று மாற்றி, நிறத்தை 10, 6, 0 என்று வையுங்கள். 24, 26, 27 என்பது 33, 31, 27 ஆகும். 232 சிவப்பு 233-தான் ஆகும். கறுப்பு வெதுவெதுப்பாகும், வெள்ளை அசையாது. சொந்த டார்க் தீம் உள்ள தளங்களில் டார்க் ரீடரை ஓட்டாமலே சாயல் ஏற்ற இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை. அந்தக் கறுப்பு மாறாத தளங்களுக்கு இதைச் சோதியுங்கள் திரைக்கண்.

எழுத்து நிறம் கேட்டிருந்தீர்கள், நடுவில் விட்டுப்போனது. இயல்பு எழுத்துக்கும் இயல்பு பேக்ரவுண்டுக்கும் மாறுபாட்டு விகிதம் 14-க்கு 1. இரவில் இது அதிகம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். 200, 195, 185 வைத்தால் 28, 26, 23 மேல் ஏறத்தாழ 10-க்கு 1. வலை அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5, கண்டிப்பான நிலையில் 7. இரண்டையும் தாண்டி நிற்கிறது. எழுத்தின் சாயலையும் இந்த நிறத்திலேயே கொடுத்துவிட்டதால் செபியா 0-இலேயே இருக்கட்டும்.

பிழைநீக்கி
கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை இறக்கி அதே விளைவைப் பெறலாம்னு சிலர் சொல்வாங்க. அது எழுத்தை மங்கலாக்குறதோட கறுப்பையும் சாம்பலா மேல தூக்கும். எழுத்து நிறத்தை மாத்துறதே மேல்.

தமிழ் படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். எழுத்து மங்கும்போது மெல்லிய எழுத்துரு இன்னும் மெலிஞ்சு தெரியும். டார்க் ரீடர்ல எழுத்துருப் பகுதியில டெக்ஸ்ட் ஸ்ட்ரோக் ஸ்லைடர் இருக்கு. 0.1, 0.2 போதும். லத்தீன் எழுத்துக்கு 0.4 வரைக்கும் தாங்கும், ஆனா நம்ம ண, ணை, ஞ, இ இதுகளோட சுழிக்குள்ள இடம் ரொம்பக் குறைவு. 0.3 போனாலே சின்ன அளவுல சுழி அடைபட்டு ஒரே திட்டாயிடும். அதுக்குப் பதிலா எழுத்தளவை ஒரு படி ஏத்துங்க.

கோணல்வட்டம்
இவ்வளவும் செய்த பிறகும் திரை மஞ்சளாக இருக்கிறது என்று யாராவது வருவார்கள். முதலில் இயங்குதளத்தின் நைட் லைட் (இரவில் திரை முழுவதையும் மஞ்சளாக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். சோதனை எளிது: ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு சாதனத்தில் திறக்கவும். நைட் லைட் திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் விழுவது, ஸ்க்ரீன்ஷாட்டில் பதியாது. எக்ஸ்டென்ஷனின் சாயல் பதியும். படத்தில் சரியாக இருந்து திரையில் மஞ்சளாக இருந்தால் குற்றவாளி ப்ரவுசர் இல்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் நைட் லைட் நேரத்தில்தான் நிறங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பகலில் தேர்ந்த 28, 26, 23 இரவில் துருப்பிடித்த நிறமாகத் தெரியும்.

திரைக்கண்
ஸ்க்ரீன் கலவை அருமை, கறுப்புத் தளங்கள் எல்லாம் ஒரே குடும்பமாயிடுச்சு. பகலில் லைட் ஸ்கீமுக்குத் தானா மாறும்படி வச்சிருக்கேன். இந்த நிறங்கள் அதையும் பாதிக்குமா?

பிழைநீக்கி
நிறப்பெட்டிகள் டார்க்குக்கும் லைட்டுக்கும் தனித்தனியாச் சேமிக்கப்படும், அதனால பாதிக்காது. ஆனா ஸ்லைடர்கள் நாலும் ரெண்டுக்கும் பொது. ராத்திரி செபியா 30 வச்சுட்டு காலையில “வெள்ளைப் பக்கம் ஏன் பழுத்த இலை மாதிரி இருக்கு”ன்னு கேட்பாங்க. சாயலை நிறப்பெட்டியில வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உங்க ஸ்டைலஸ் கண்ணாடி மட்டும் பகல்லயும் ஓடும். அதை ப்ரிஃபர்ஸ் கலர் ஸ்கீம் டார்க் என்ற மீடியா விதிக்குள்ள அடைச்சுடுங்க. இது சிஸ்டம் தீமைப் பார்த்து வேலை செய்யும். டார்க் ரீடரை நேரக் கணக்குல மாறும்படி வச்சிருந்தா ரெண்டும் ஒத்துப்போகாது, அதையும் சிஸ்டத்தோட இணைச்சுடுங்க.

முடிச்சதும் செட்டிங்ஸை ஒரு கோப்பா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. பழைய கோப்பை இம்போர்ட் பண்றவங்க ஸ்லைடரை ஒரு தடவை பார்த்துக்கங்க. முன்னாடி பதிப்புகள்ல இயல்பே செபியா 10, கான்ட்ராஸ்ட் 90. அந்த எண்களும் கூடவே வந்து உட்கார்ந்துக்கும்.

மங்கல்விளக்கு
கிரேஸ்கேலை யாரும் தொடலயே. அதை 100-க்கும் செபியாவை 30-க்கும் வச்சா பக்கம் முழுக்க ஒரே பழுப்பு ஒருநிறமா வரும். கிரேஸ்கேல் முதல்ல நிறத்தைக் கழுவும், செபியா கடைசியில விழும், அதனால. நெடுங்கதை படிக்க அருமை. பிழைச்செய்தி சிவப்புல வர்ற பணம் கட்டுற பக்கங்கள்ல மட்டும் வேண்டாம்.

திரைக்கண்
கடைசியா ஒண்ணு. பக்கத்தை அச்செடுத்தா இந்தப் பழுப்பு தாளில் வருமா?

அந்திவண்ணன்
டார்க் ரீடரோடது வராது. அதோட ஸ்டைல்கள் திரைக்கு மட்டும்னு குறிச்சுத்தான் சேர்க்கப்படுது. உங்க ஸ்டைலஸ் விதி வரும், அதையும் மீடியா ஸ்க்ரீன் என்ற விதிக்குள்ள போடுங்க. இல்லன்னா கண்ணாடி ஒவ்வொரு தாளிலும் விழும், மஞ்சள் மை காலி.